மந்திரியை ஜி4-க்கு அனுப்பியது யார்? ஓர் ஆய்வு

1858-இல் பாரிஸில், மேடையில் ஓபரா நடந்துகொண்டிருக்கும்போதே, அரங்கின் தனிப்பெட்டி ஒன்றில் ஒரு சதுரங்க ஆட்டம் நடந்தது. வெள்ளைக்கு 21 வயது அமெரிக்கர் பால் மார்ஃபி. கறுப்புக்கு இரண்டு அமெச்சூர்கள்: பிரன்ஸ்விக் கோமகன், இசுவார் பிரபு. இருவரும் கலந்து பேசிக் காய் நகர்த்தலாம் என்று ஏற்பாடு. பேசினார்கள், 17-ஆவது நகர்த்தலில் மேட்.

மார்ஃபியின் மேதைமையை ஆராய்ந்து தள்ளிய உலகம், தோற்ற தரப்பில் எது யார் யோசனை என்று கேட்கவே இல்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஓப்பனிங். கறுப்பு இரண்டாம் நகர்த்தலில் டி6-க்குச் சிப்பாயைத் தள்ளியதால் இது ஃபிலிடோர் டிபென்ஸ். 1749-இல் சதுரங்க நூல் வெளியிட்ட ஃபிலிடோர், ஓபராக்களுக்கு இசையமைத்தவர். ஓபரா அரங்கில் ஓபராக்காரரின் ஓப்பனிங்! இதைச் சொன்னவர் இசை ரசிகர் என்பது நம் முதல் கருதுகோள்.

சிக்கல் மூன்றாம் நகர்த்தலில். மந்திரியை ஜி4-க்கு அனுப்பி வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போட்டார்கள். பார்வைக்கு அழகுதான். மார்ஃபி இ5 சிப்பாயை வெட்டினார். பதிலுக்கு உடனே வெட்டினால் ராணிகள் இரண்டும் போகும். கட்டவிழ்ந்த குதிரை இன்னொரு சிப்பாயையும் தூக்கிக்கொண்டு போகும். ஆகவே, கட்டிப்போட வந்த மந்திரியையே அந்தக் குதிரைக்கு ஈடாகக் கொடுக்க நேர்ந்தது. இவ்வளவு பெரிய தவற்றைத் தனியொருவர் செய்துவிட முடியாது. ஒருவர் சொல்ல, மற்றவர் பாட்டில் லயித்தபடி தலையாட்டியிருக்க வேண்டும். இது இரண்டாம் கருதுகோள்.

ஒன்பதாம் நகர்த்தலில் சிப்பாயை பி5-க்குத் தள்ளி மந்திரியை மிரட்டியது கோமகனாக இருக்கலாம். மார்ஃபி ஒரு குதிரையைக் கொடுத்து, இரண்டு சிப்பாய்களை எடுத்து, கறுப்பு ராஜாவின் வாசலைத் திறந்துவிட்டார். கோமகனை 1830-இலேயே சொந்த மக்கள் அரண்மனைக்குத் தீ வைத்து விரட்டியிருந்தார்கள். முற்றுகையில் முன்னனுபவம் உண்டு, தேர்ச்சிதான் இல்லை.

மார்ஃபிக்கு மேடைக்கு முதுகு காட்டும் நாற்காலிதான் கிடைத்தது என்பார்கள். அவருடைய அவசரத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடைசியில் அவர் ராணியையும் கொடுத்து, ஒரு யானை, ஒரு மந்திரியைக் கொண்டு மேட் வைத்தார். அப்போது கறுப்பிடம் ராணி, யானை, மந்திரி, குதிரை நான்கும் இருந்தன. அவற்றில் யானையும் மந்திரியும் ஆட்டம் முழுக்க ஒரு கட்டம்கூட நகரவில்லை. அந்த இரண்டை மறந்ததில் மட்டும் இருவருக்கும் சமபங்கு என்பது இவ்வாய்வில் ஐயமற நிறுவப்படுகிறது.