நில் என்னும் வினையும் நிறுத்து என்னும் வினையும்

தமிழ் இலக்கணம் வினைகளைத் தன்வினை என்றும் பிறவினை என்றும் பிரிப்பதையும், எழுவாய் தானே செய்வது தன்வினை, பிறவற்றைச் செய்விப்பது பிறவினை என்று விளக்குவதையும் பள்ளிப் பருவத்தோடு மறந்துவிட்டவர்கள்கூட, தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் வட்டாரத்தில் மாதக்கணக்கில் ஓட்டாமல் விடப்பட்ட இருசக்கர வாகனங்களை ஆராயப் புகுந்தால் அப்பாகுபாட்டை மீண்டும் புரட்டியே ஆகவேண்டும். ஏனெனில் இவ்வட்டாரத்தில் "வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்று எவரும் சொல்வதில்லை. "வண்டி சும்மாதான் நிக்குது" என்பதே வழக்கு. வண்டி தானாகவே ஒரு முடிவுக்கு வந்து நின்றுவிட்டது, உரிமையாளருக்கு அதில் பங்கேதும் இல்லை என்னும் பொருள், ஒரு தன்வினையைக் கொண்டு இவ்வளவு எளிதாக நிலைநாட்டப்படுகிறது.

நிறுத்தி வைத்தல் என்பது முன்னேற்பாடுகள் கொண்ட ஒரு செயலாகும். கார்புரேட்டரில், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கிண்ணம் போன்ற உறுப்பில், தேங்கியிருக்கும் எரிபொருளை வடித்துவிட வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்க்காமல் சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். இவற்றை எவரும் செய்யாததற்குச் சோம்பலைவிட நம்பிக்கையே காரணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஓட்டிவிடப் போகிறோம் என்று ஐம்பத்திரண்டு ஞாயிறுகளிலும் நம்புகிற ஒருவர் பேட்டரிக் கம்பியைக் கழற்ற மாட்டார். அண்மைக் காலத்தில் வண்டிகள் பிறவினையாக, முறைப்படி நிறுத்தப்பட்டது பெருந்தொற்றின்போதுதான் எனலாம்: 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியது; அதன்பின் சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் ஜூன் 19 முதல் விதிக்கப்பட்ட முழு ஊரடங்கோ, காய்கறி வாங்குவதற்குக்கூட இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்தே போகவேண்டும் என்று ஆணையிட்டது. அப்போதும் கார்புரேட்டரை வடித்தவர் உண்டெனக் கேள்வியில்லை.

நிற்கும் வண்டி ஓய்வெடுக்கிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அதனுள் வேலை ஓய்வின்றி நடக்கிறது. பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சுவது பிசினாகி, பைலட் ஜெட் எனப்படும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையை அடைத்துக்கொள்கிறது. இப்போது பெட்ரோலோடு கலந்து விற்கப்படும் எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்பு உண்டென்பதால், கால்வாசி மட்டும் நிரம்பிய டேங்க், மீதி முக்கால்வாசியில் கடற்கரைக்கு அருகிலுள்ள ஒரு நகரத்தின் புழுக்கம் முழுவதையும் விருந்தாளியாக ஏற்றுக்கொள்கிறது. நிறுத்தும் வண்டியின் டேங்கை நிரப்பி வைக்கச் சொல்வது இதனால்தான். ஓட்டாத வண்டிக்கு எதற்கு ஆயிரம் ரூபாய்ப் பெட்ரோல் என்று வீட்டில் கேட்பதும் இதனால்தான்.

இவ்வழிவுகளுக்கு மாற்றாக மக்கள் கண்டுபிடித்த சடங்கு வாராந்தரக் கிக் ஆகும். ஞாயிறு காலை காபிக்குப் பின் குடும்பத்தலைவர் லுங்கியுடன் வந்து, சோக்கை இழுத்து, நாற்பது உதைகளில் எஞ்சினை எழுப்பி, மூன்று நிமிடம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கித் தெருவுக்கே தம் கடமையுணர்வை அறிவித்துவிட்டு அணைப்பதே இதன் நடைமுறை. இதில் மறைந்திருக்கும் வேதியியல் சற்றுக் கொடியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய வண்டியில் அது ஆவியாக வெளியேறிவிட, மூன்று நிமிட வண்டியிலோ சைலன்சருக்குள்ளும் எஞ்சின் ஆயிலுக்குள்ளும் குளிர்ந்து தங்கித் துருவை வளர்க்கிறது. தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் ஒரு புறநகரத்தில், தண்ணீர் தயாரிக்கும் ஒரே பொறியை இவ்வாறு சைலன்சரைத் துளையிட மட்டும் பயன்படுத்துவது வருந்தத்தக்கது. செல்ஃப் ஸ்டார்ட் வண்டியாயின் இழப்பு இரட்டிப்பு: எஞ்சினைச் சுழற்ற பேட்டரி கொடுத்த மின்சாரத்தை மூன்று நிமிட ஓட்டம் திருப்பித் தராது. ஆகவே ஒன்று, வண்டலூர் வரையாவது ஓட்டிவிட்டு வரவேண்டும். அன்றேல் தொடவே கூடாது.

தொடாத வண்டியைக் குடும்பம் விரைவில் மரச்சாமானாக வகைப்படுத்திவிடும். ஹேண்டில்பாரில் முதலில் ஒரு துண்டும், பிறகு மழைக்கோட்டும், இறுதியில் வெங்காயப் பையும் இடம்பிடிக்க, சீட்டின்மேல் தெருப்பூனை குடியேறும். எனினும் மரியாதையில் குறைவில்லை. சேலையூரில் இக்கட்டுரையாளரின் வண்டிக்கும் ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. பழத்தை நசுக்கும் அளவுக்குக்கூட அது தானாக நகராது என்பதால், இருவர் பின்னின்று தள்ளினர். காற்றிறங்கிய டயர் பழத்தின்மேல் ஏறாமல், அதைப் பதமாக உருட்டிக்கொண்டே வாசற்படிவரை சென்றது. இறுதியில் பழத்தைக் காலால் மிதித்தவர் பக்கத்து வீட்டுப் பையன்.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வண்டியை நிறுத்தும் கலை வேறொரு பரிமாணம் பெறுகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகி, அடையாறு கரைமீறியபின், வண்டியை எங்கே நிறுத்துவது என்பது தரைமட்டத்தைப் பற்றிய கேள்வியாயிற்று. வேளச்சேரிக்காரர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள்; இருசக்கர வாகனமோ படியில் பலகை போட்டு ஏற்றப்பட்டு வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் அமர்த்தப்படுகிறது. மூழ்கிய வண்டியைப் பொறுத்தவரை விதி ஒன்றே: கிக்கரைத் தொடக்கூடாது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் அது பில்டர் காபி நிறத்தில் வடியும்; அந்நிறத்தைப் பார்த்தபின் பல நாட்கள் காபி இறங்காது.

எவ்வளவு காலம் வண்டி நின்றது என்பதே மெக்கானிக்கின் முதற்கேள்வி. இக்கட்டுரையாளர் தம் வண்டியைக் கேம்ப் ரோடுவரை வியர்க்கத் தள்ளிச் சென்றபோதும் அதே கேள்வி வந்தது. "எவ்ளோ நாளா நிக்குது சார்?" மெக்கானிக்கும் தன்வினையையே கையாண்டது தொழில் நாகரிகம். "ரெண்டு மாசம் இருக்கும்" என்று விடை கூறப்பட்டது. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்த அவர் முகத்தைச் சற்றே பின்னுக்கிழுத்தார்; நல்லெண்ணெய் நிறத்தில் வடிந்ததை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்; மறுப்பேதும் சொல்லவில்லை. பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது, என்றோ கை துடைப்பதற்காக உள்ளே சொருகி வைத்த நாளிதழ்த் தாள் ஒன்று மடிப்புக் கலையாமல் வெளிவந்தது. அதைத் தரையில் விரித்து, கழற்றிய ஜெட்டையும் பிளக்கையும் அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கிய அவர், 2023 டிசம்பரில் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்த மிக்ஜாம் புயலைப் பற்றிய தலைப்புச் செய்தியை மட்டும் எதுவும் மறைக்காதபடி பார்த்துக்கொண்டார்.