சிறிது நேரம் பரபரப்பு

தமிழ்நாட்டில் தற்கொலைத் தடுப்புப் பணி ஒழுங்காக, ஆள் பற்றாக்குறை இல்லாமல், வாரம் தவறாமல் நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி இல்லை. கலெக்டர் ஆபீஸ் கேட்.

திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். கேட்டுக்கு உள்பக்கம் ஒரு மேசை, அதைச் சுற்றி நாலைந்து போலீஸ், பெண்களைச் சோதிக்கப் பெண் போலீஸ், ஓரமாகத் தண்ணீர்க் குடங்கள், மணல் வாளி. சில நாட்களில் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும். மனுவோடு வருகிறவர்களின் பையைத் திறந்து, தூக்குவாளி மூடியைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஒரு கிழவியின் மஞ்சள் பையிலிருந்து கலங்கலாக ஏதோ நிரப்பிய பாட்டில் ஒன்று வெளியே வந்தது.

"என்னம்மா இது?"

"நீச்சத்தண்ணி சாமி. மத்தியானத்துக்கு."

"குடிச்சுக் காட்டு."

கிழவி குடித்துக் காட்டினாள். போகலாம் என்று கையைக் காட்டினார்கள். அதே பையில் லேமினேட் செய்த பட்டா நகலும், பழைய மனுக்களின் ரசீதுகள் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டும் இருந்தன. அந்தக் கட்டை யாரும் மோந்து பார்க்கவில்லை. பையில் இருப்பதிலேயே சட்டென்று பற்றிக்கொள்ளக்கூடிய சரக்கு அதுதான்.

அந்த போலீஸ்காரர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஓடிப்போய்க் கேனைப் பிடுங்கி உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்களில் நிறையப் பேர். வெயிலில் அவர்களை நிறுத்திவிட்டு, மாநிலத்தின் மனநலத்துக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது என்று ஏ.சி. அறையில் நிம்மதியாக இருக்கிறதே ஒரு நிர்வாகம், வயிற்றெரிச்சல் அதன்மேல்.

இந்தச் சோதனை இறுகியதற்கு ஒரு தேதி உண்டு. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் தீக்கு இரையானார்கள். அந்தக் குழந்தைகள் தற்கொலை செய்துகொள்ளவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். காரணம் கந்துவட்டி. வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் கடன் நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பத் திரும்ப மனு கொடுத்திருந்தார்கள். இந்த மாதிரி மனு போகும் பாதை தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? கலெக்டரிடமிருந்து எஸ்.பி.க்கு, அங்கிருந்து டி.எஸ்.பி.க்கு, அங்கிருந்து இன்ஸ்பெக்டருக்கு. எந்த ஸ்டேஷனில் எடுபடவில்லை என்று பஸ் ஏறிக் கலெக்டரைப் பார்க்க வந்தானோ, அதே ஸ்டேஷன் மேசையில் கடைசியில் போய் இறங்கும். நிலத் தகராறு என்றால் ஆர்.டி.ஓ., தாசில்தார் வழியாக எந்த வி.ஏ.ஓ.மேல் புகாரோ அவர் கைக்கே வந்துசேரும். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. சட்டம் இருக்கிறது, மனு இருக்கிறது, ரசீது இருக்கிறது. ஆள்தான் இல்லை.

நாலு உயிர் போன பிறகு அரசு இயந்திரம் சுறுசுறுப்பாகச் செய்த காரியங்களில் ஒன்று, கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தது. இந்தச் சாவுகளைக் கண்டித்துப் போட்ட படத்தில் முதலமைச்சரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் துணியில்லாமல் வரைந்துவிட்டாராம். கலெக்டரே புகார் கொடுத்தார். நவம்பர் 5-ஆம் தேதி சென்னைக்கு வந்து பிடித்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். கூலிக்காரனின் மனுக்கள் நகராத மாவட்டத்தில் ஒரு கார்ட்டூன் இரண்டே வாரத்தில் இவ்வளவு தூரம் நகர்ந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசல் மரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இனி எழுதாதீர்கள், வரையுங்கள்.

பிறகு கேட் இறுகியது. செத்தது ஏன் என்ற கேள்விக்கு வேலை வைத்துக்கொள்ளாமல், இங்கே வந்து சாகக் கூடாது என்று முடிவு செய்தார்கள். நம் பத்திரிகைகளும் அதற்கென்றே ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கின்றன. தீக்குளிக்க முயன்றவரை அங்கிருந்த போலீசார் தடுத்து, தலையில் தண்ணீரை ஊற்றி, விசாரணைக்கு அழைத்துச் சென்றனர், அறிவுரை கூறி அனுப்பி வைத்தனர், இதனால் கலெக்டர் அலுவலகத்தில் சிறிது நேரம் பரபரப்பு ஏற்பட்டது. மண்ணெண்ணெய் நனைத்த சேலையோடு பஸ்ஸில் அவள் எப்படி ஊர் திரும்பினாள், வாசலில் வட்டிக்காரன் நின்றானா, ராத்திரி யார் பக்கத்தில் படுத்தார்கள், இதெல்லாம் செய்தி இல்லை. பரபரப்பு சிறிது நேரம்தான். மறுநாள் பேப்பரில் வேறு கலெக்டர் ஆபீஸ், வேறு பரபரப்பு.

அந்த "அறிவுரை"தான் இந்த மாநிலத்தில் ஏழைக்குக் கிடைக்கும் மனநல ஆலோசனை. "சாகறதுக்கு வேற எடம் கிடைக்கலையா? புள்ள குட்டிய நெனச்சுப் பாத்தியா? கேஸ் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" மூன்றே வாக்கியம், கட்டணம் இல்லை.

சட்டத்தைப் பார்க்கலாம். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆவது பிரிவு, அருமையான பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. படித்தபோது, பரவாயில்லையே, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் போட்ட 309-ஆவது பிரிவை ஒருவழியாகத் தாண்டி வந்துவிட்டோம் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 309 அதில் இல்லை. இருந்த இடத்தைச் சும்மா விடுவானேன் என்று 226 வந்திருக்கிறது. பொது ஊழியர் ஒருவரைக் கட்டாயப்படுத்தவோ, கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

புரிகிறதா? காதல் தோல்வியில் சாகப் போனால் நீ நோயாளி, உனக்குச் சிகிச்சை. பரீட்சையில் தோற்றுச் சாகப் போனால் நோயாளி. பொது ஊழியர் உன் மனுவைப் படிக்கவில்லை என்று சாகப் போனாயா, குற்றவாளி. துக்கப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆபீசரைச் சம்பந்தப்படுத்தாமல் துக்கப்படு. அவரைக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்கிறது பிரிவு. தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும் ஊழியரை ஒருவன் எதற்காகத் தீயில் நின்று கட்டாயப்படுத்தப் போகிறான் என்று வரைவு எழுதியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சமூக சேவை என்று ஒரு வாய்ப்பு இருப்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தையே பெருக்கச் சொல்லலாம். குப்பைக் கூடையில் தன் பழைய மனு கிடைத்தாலும் கிடைக்கும்.

கேட்டுக்கு வெளியே சாகிறவர்களுக்கு வேறு துறை, வேறு பதிவேடு. அங்கே போனால் தமிழர்களை அதிகம் கொல்வது தீராத வயிற்றுவலி என்று தெரிய வரும். வீட்டில் ஒருவர் விஷம் குடித்து இறந்தால் எஃப்.ஐ.ஆரில் நெடுங்காலமாக வயிற்றுவலிதான். குடும்பத்துக்கு மானம் போகாது, ஸ்டேஷனுக்கு வேலை குறையும், கடன் கொடுத்தவன் பெயர் வராது, மாமியார் பெயர் வராது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் மட்டும் ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வருவார், எட்டாவது வருஷத்திலிருந்து அவளுக்கும் வயிற்றுவலி வரலாம். இத்தனையும் வடிகட்டிய பிறகுதான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குக் கணக்கு போகிறது. 2022-இல் நாடு முழுக்கத் தற்கொலை என்று பதிவானவை 1,70,924. தமிழ்நாடு 19,834-உடன் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இறந்தவர்களில் கால்வாசிக்கும் மேல் தினக்கூலிகள். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைகளுக்கு. குழு லோன் வசூலிக்க வந்தவன் இருட்டின பிறகும் திண்ணையை விட்டு எழுந்திருக்காமல், தவணை கட்டாத பெண்ணைப் பக்கத்து வீட்டார் கேட்கப் பேசுவது ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலில் நடப்பதால் அதுவும் குடும்பப் பிரச்சினையில்தான் சேரும்போல.

மனநலத் துறை என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982. மாவட்ட மனநலத் திட்டம் 1996. தற்கொலைத் தடுப்புக்கான தேசிய வியூகம் 2022. 2030-க்குள் சாவைப் பத்து சதவீதம் குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. மீதித் தொண்ணூறு சதவீதத்தாரிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர் இருக்கும் நாடு இது. முழுசாக ஒருவர்கூட இல்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோயைப் பொறுத்து நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு பேர் வரை சிகிச்சையே கிடைக்காமல் இருக்கிறார்கள் என்றது. அதிலும் மனநலத்தை இந்த மாநிலம் திரும்பிப் பார்ப்பதே எங்காவது தீ எரிந்தால்தான். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள், கொட்டகைத் தீயில் 28 பேர். அதுவரை அந்தச் சங்கிலி யார் கண்ணிலும் படவில்லை; உச்ச நீதிமன்றம் பார்த்த பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

கையில் இருக்கும் கருவியை வாங்கி வைத்தால் உயிர் தப்புமா என்று கேட்டால், தப்பும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நேரத்து வேகம் கடந்துவிட்டால் பிழைத்து எழுந்து வாழ்கிறவர்கள் ஏராளம். இலங்கை அதைச் செய்து காட்டியது. கொடிய பூச்சிமருந்துகளை 1984 தொடங்கிப் படிப்படியாகத் தடை செய்தார்கள். தொண்ணூறுகளில் உலகத்தின் மிக மோசமானவற்றில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம், பிறகு இருபது வருஷத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் இறங்கியது. நெல் விளைச்சல் விழவில்லை. இங்கேயும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'சினேகா'வைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பேங்க் லாக்கர் போல ஆளுக்கொரு பெட்டி வைத்துப் பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்துப் பார்த்தது. சாவு குறைந்தது. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் தோற்ற பிள்ளைகள் ஒரு வருஷம் காத்திராமல் உடனே எழுதத் துணைத்தேர்வு வந்ததும் இப்படி ஒரு யோசனைதான். ஒரு பரீட்சை அட்டவணையை மாற்றியதில் எத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கிறதோ.

ஆக, வழி தெரியாமல் இல்லை. பூச்சிமருந்துக் கடையில் கை வைத்தால் கம்பெனிக்கு நஷ்டம். தமிழ்நாட்டில் எலிமருந்துப் பசைக்குத் தடை வந்தது, நல்லது. ஆறு பூச்சிமருந்துகளுக்கும் தடை வந்தது, அறுபது நாளைக்கு. அறுபத்தொன்றாம் நாள் வாழ்க்கை இனித்துவிடும் என்று வேளாண்துறைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வட்டிக்காரன்மேல் கை வைத்தால் கட்சிக்காரருக்குச் சங்கடம். அதனால் 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று 2022-இல் சினிமா டைட்டில் மாதிரி ஒன்று ஓடியது. கலெக்டர் ஆபீஸ் கேட்டில் கை வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கிழவியின் நீச்சத்தண்ணிதான் கொஞ்சம் குறையும்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்போது மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது 104. எடுக்கிறவர்கள் நல்ல மனுஷர்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். இதில் கிண்டல் எதுவும் இல்லை. அந்த எண்ணைச் செய்திக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டுவிட்டுக் கை கழுவுகிறவர்களோடுதான் என் சண்டை. போன் எடுப்பவர் மூச்சைச் சீராக்கச் சொல்லலாம், விடியும்வரை பேச்சுத் துணையாக இருக்கலாம்; பட்டாவில் பெயர் மாற்றித்தர அவரால் ஆகாது. நிறுத்திவிட்ட முதியோர் பென்ஷனை மறுபடி போட அவரிடம் கையெழுத்து இல்லை. அந்தக் கையெழுத்து இருப்பவர்கள் எல்லோரும் திங்கட்கிழமை ஒரே ஹாலில் வரிசையாக உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கலெக்டர் ஆபீசில் ஒவ்வொரு மனுவும் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. பெயர், ஊர், போன் நம்பர், மனு எண், எல்லாம். ஒரே ஆள் ஒரே குறைக்கு நாலாவது தடவை, ஐந்தாவது தடவை வந்திருக்கிறாரா என்று தேடினால் ஒரு நிமிஷத்தில் பட்டியல் வரும். மாவட்டத்தில் யார் விளிம்பில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சர்வேயை பெங்களூரு நிமான்ஸ் வந்தாலும் எடுக்க முடியாது. கேட்டில் பாட்டில் மோக்கும் நாலு பேரில் ஒருவரை அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். மாவட்ட மனநல டாக்டரையும் தாசில்தாரையும் ஒரே பொலிரோவில் ஏற்றி அந்த வீடுகளுக்கு அனுப்புங்கள். போய் இறங்கியதும் முதலில் தாசில்தார் பேசட்டும். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் டாக்டர் வண்டியை விட்டு இறங்கவே வேண்டியிருக்காது.