ஏழு தந்தியும் ஒரு மைக்கும்

ஹனூரில் எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருந்து மூன்று ஜில்லா பார்த்துவிட்டது. 1956 வரை கொள்ளேகால் தாலுகா மொத்தமும் சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லா. பிறகு மைசூர். 1997 முதல் சாமராஜநகர். "சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால் மைசூர் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். பிடில் வாசிக்கிறவனுக்கு அந்த ஊர்ப்பெயர் கொஞ்சம் மரியாதையும் வாங்கித் தரும்.

அப்பாவுக்கு டீக்கடை. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கம்சாளைக்காரர்கள் கையில் வெண்கலத் தாளத்தைச் சுழற்றிக்கொண்டே டீ குடிக்க வருவார்கள். அவர்களிடம் காசு வாங்கமாட்டார்; அது சாமி பாட்டு. நான் பிடில் என்றதும், "அதைத் தேச்சா சோறு வருமாடா?" என்றார். இப்போது அதே அப்பா, பேத்தி கீபோர்டு வாசிக்கிற வீடியோவை டீ குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அவர்களிடமும் காசு வாங்குவதில்லை; பாவம், அவர்கள் முழுசாகப் பார்க்கிறார்களே.

மைசூரில் எனக்குப் பாடம் சொன்னவர் வீட்டுச் சுவரில் பிடில் மேதை சௌடய்யா படம் மாட்டியிருக்கும். எங்கள் பஸ் மைசூர் போகிற வழியிலுள்ள தி.நரசிபுரம் பக்கம், காவிரியும் கபிலையும் கூடுகிற திருமகூடலு அவருக்குச் சொந்த ஊர். 1895-இல் பிறந்தவர். பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் வருஷக்கணக்கில் குருகுலம் இருந்தவர். அந்தக் காலத்துக் கச்சேரிக்கு மைக் ஏது? பாடகரின் கார்வைக்கு முன்னால் பிடில் முனகும். கடைசி வரிசைக்கு எட்டாது. சௌடய்யா 1927 வாக்கில் நான்கு தந்தியோடு இன்னும் மூன்றைச் சேர்த்து ஏழாக்கினார். ஏழையும் சுருதி சேர்த்து, வில்லை அழுத்தி இழுத்து, பாடகர் செம்பையின் வெண்கலக் குரலுக்குப் பக்கத்திலேயே ஈடு கொடுத்தார். 1957-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். "கேட்கலேன்னா ஊரைத் திட்டாதே, தந்தியைச் சேரு" என்பார் என் வாத்தியார். அதை நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

வந்து சேர்ந்தது ஆர்கெஸ்ட்ராவில். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. பஸ்ஸில் தமிழில் இருமக்கூடப் பயந்த நாட்கள் அவை. எல்லாம் அடங்கியபின் வாசித்த முதல் கல்யாணத்தில் கன்னட வீட்டார் விரும்பிக் கேட்டது இளையராஜா பாட்டு. நான் பேசினால் தமிழன், வாசித்தால் கலைஞன். அதனால் பேசாமல் வாசித்தேன்.

அடுத்து வந்தது கீபோர்டு. ஒரு பையன் ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு டஜன் வயலின் சேர்ந்து முழங்கும். சாப்பாடு கேட்காத, பஸ் சார்ஜ் கேட்காத வயலின்கள். எனக்கு மேடை குறைந்தது, குவார்ட்டர் கூடியது. வில் பிடிக்கும் கை நடுங்கி, ஸ்வரமெல்லாம் கேட்காமலே அசைய ஆரம்பித்தது. ஒரு ரசிகர் கைகுலுக்கி, "என்ன கமகம் சார்!" என்று உருகினார். குடியை விட்டதற்கு டாக்டரும் மனைவியும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாராட்டே போதுமாக இருந்தது.

இப்போது குறை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போனில் பாடம் நடத்துகிறேன். அங்கே ஆதி தாளம் போட்டால் இங்கே மிஸ்ர சாபு மாதிரி வந்து சேரும். ரிசப்ஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். பிடிலில் பிக்கப் ஒட்டி, ஒயரை முதுகுப் பக்கம் விட்டு, "சார், நீங்க சும்மா வாசிங்க, நான் ஏத்தி விட்டுக்கறேன்" என்கிறான் சவுண்டுக்காரத் தம்பி. சௌடய்யா மூன்று தந்தி சேர்த்துச் சாதித்ததை அவன் ஒரு விரலால் செய்கிறான், இன்னொரு கையில் போன் பார்த்துக்கொண்டே. கடைசி வரிசைக்கு மட்டுமா, கார் நிறுத்துகிற இடம் வரை கேட்கிறது. முதல் வரிசை பந்திக்குப் போயிருக்கிறது.

சௌடய்யா 1943-இல் 'வாணி' என்றொரு கன்னடப் படம் எடுத்தார். அதன் கதையைச் சொல் என்றால் திணறுவேன். ஆனால் அதில் செம்பை பாட, இவர் பிடிலும் பாலக்காடு மணி ஐயர் மிருதங்கமுமாக வருகிற துண்டு இன்று போன் போனாகச் சுற்றுகிறது. அவர் நினைவாக 1980-இல் பெங்களூரில் பிடில் வடிவத்திலேயே ஒரு மண்டபம் எழுப்பினார்கள். தந்தியும் உண்டு, வில்லும் உண்டு. உள்ளே மைக்கும் உண்டு.

அன்று கேட்க ஆள் இருந்தது, சத்தம் போதவில்லை. இன்று சத்தத்துக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை ரிசப்ஷனுக்குப் போனால் ஒரே ஒரு பாட்டை உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டுப் பந்திக்கு எழுந்திருங்கள். பாயசம் தீர்ந்துவிடாது, நாங்களும் அந்தப் பந்தியில்தான் கடைசியாகச் சாப்பிடுகிறோம்.