கேள்விக்கு என்ன குறை? (வன்னிப் பக்கம்)

1929 என்றால் உலகப் பொருளாதாரம் விழுந்த ஆண்டுதானே?
(வாசகர், பரந்தன்)

அமெரிக்காக்காரருக்கு அப்படித்தான். இங்கே அது விழுந்த பிள்ளையைத் தூக்க ஒரு இலக்கம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது. 24 மணிநேரமும் எடுக்கலாம், காசில்லை.

தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனம் வந்த பிறகுதானே வன்னிக்குச் சமூக சேவை வந்தது?
(வாசகர், வவுனியா)

உங்கள் ஊரிலேயே 1970களில் மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் 'காந்தீயம்' நடத்தினார்கள். மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்களைக் குடியமர்த்தி, பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை வைத்தார்கள். அரசு கொடுத்த பரிசு, சிறை. 1983 யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார்.

சிறுவர் இல்லங்களில் இருப்பது தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள்தானே?
(வாசகி, மல்லாவி)

பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். இல்லாதது வருமானம். இல்லத்துக்குப் போகும் காசில் ஒரு பங்கு அம்மாவின் கைக்குப் போயிருந்தால் பல பிள்ளைகள் வீட்டிலேயே நின்றிருப்பார்கள் என்பது என் கட்சி.

கனடாவிலிருக்கும் அண்ணா தன் பிறந்தநாளுக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, படம் எடுத்து முகநூலில் போடுகிறார். பிழையா?
(வாசகி, முள்ளியவளை)

சோற்றில் பிழையில்லை. அண்ணாவின் பிள்ளை பசியோடு தட்டு ஏந்தி நிற்கும் படத்தை யாராவது போட்டால் 'லைக்' போடுவாரா? அடுத்த வருடம் கேக் காசில் ஒரு பிள்ளையின் ரியூசன் காசைக் கட்டச் சொல்லுங்கள். கமரா வேண்டாம்.