அரசாங்கமே சுருட்டிய கஞ்சா

1970-இல் நிக்சன் கையெழுத்திட்ட அமெரிக்கச் சட்டம், போதைப் பொருள்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. முதல் அட்டவணையில் ஹெராயின், எல்.எஸ்.டி., கஞ்சா மூன்றுக்கும் ஒரே பாய். கஞ்சா என்பது மாயக்காட்சி காட்டும் சரக்கு, அதில் மருத்துவப் பயன் கிடையாது. சட்டமே சொல்லிவிட்ட பிறகு உடம்பு எதிர்த்துப் பேசலாமா?

பேசியது. மறு வருஷமே, கஞ்சா புகைத்தவர்களின் கண் அழுத்தம் சுமார் கால் பங்கு இறங்குகிறது என்று லாஸ் ஏஞ்சலீஸ் ஆய்வாளர்கள் ஹெப்ளரும் ஃபிராங்கும் எழுதினார்கள்.

வாஷிங்டனில் ராபர்ட் ராண்டல் என்ற இளைஞருக்கு க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய். சில வருஷத்தில் பார்வை போய்விடும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ராத்திரியில் தெருவிளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். கஞ்சா புகைத்த ராத்திரி அந்த வளையம் காணாமல் போனது. வீட்டில் செடி வளர்த்தார். 1975-இல் போலீஸ் வந்தது. மறு வருஷம் நீதிமன்றம், கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழியில்லை என்று ஏற்று விடுவித்தது.

அப்புறம்தான் கூத்து. அரசே அவருக்குக் கஞ்சா சப்ளை செய்தது! மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பயிர், வட கரோலினாவில் சுருட்டல், தகர டப்பாவில் பார்சல். பயனற்ற சரக்கை விதைக்க ஓர் ஆள், சுருட்ட ஓர் ஆள், கணக்கெழுத ஓர் ஆள். அத்தனை பேருக்கும் மக்கள் வரிப்பணம். மாயக்காட்சி கண்டது புகைத்தவரா, சட்டம் எழுதியவரா?

கஞ்சாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இறங்கிய அழுத்தம் மூன்று நான்கு மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும். கண்ணைக் காக்க வேண்டுமானால் ராப்பகலாகப் புகைக்க வேண்டும். ரத்த அழுத்தமும் கூடவே இறங்குவதால் பார்வை நரம்புக்கு ரத்தம் குறையலாம். கண் அழுத்தத்தைக் குறைக்க 1978-இல் டிமோலால் சொட்டு மருந்தும் வந்துவிட்டது. இன்றும் 'கண்ணுக்கு நல்லது' என்று கஞ்சா எண்ணெய் விற்கிற புண்ணியவான்கள் தனி ரகத் திருடர்கள். அதிலுள்ள சி.பி.டி. என்ற வேதிப்பொருள் எலிகளுக்குக் கண் அழுத்தத்தை ஏற்றியதாக 2018-இல் இந்தியானா ஆய்வு சொன்னதை எந்தக் கடைக்காரன் பாட்டிலில் ஒட்டினான்?

1988-இல் போதைத் தடுப்புத் துறையின் சொந்த நீதிபதி ஃபிரான்சிஸ் யங், முதல் அட்டவணையிலிருந்து கஞ்சாவை இறக்கச் சொன்னார். துறை அதைக் குப்பையில் போட்டது. எய்ட்ஸ் நோயாளிகளும் மனுப் போடத் தொடங்கியதும், 1992-இல், ராண்டல் போன்ற நோயாளிகளுக்கு அரசு நடத்திய கருணைக் கடையின் கதவு புதியவர்களுக்குச் சாத்தப்பட்டது. ஏற்கெனவே உள்ளே இருந்த சிலருக்கு மட்டும் டப்பா தொடர்ந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

ராண்டல் 2001-இல் இறந்தார், பார்வையோடு. 2003-இல் அதே அரசின் சுகாதாரத் துறை, கஞ்சாவின் வேதிப்பொருள்கள் நரம்பு செல்களைக் காக்கும் என்று சொல்லிக் காப்புரிமை வாங்கிக்கொண்டது. எண் 66,30,507. அன்றைக்கும் கஞ்சா முதல் அட்டவணையில்தான் இருந்தது, மருத்துவப் பயன் இல்லாத சரக்காக.