நமத்த வெடியும் செங்கல்லான கன்சோலும்: திரியியலுக்கு ஒரு முன்னுரை

ஃபர்ம்வேர் ஏற்றும்போது பாதியில் சார்ஜ் தீர்ந்து உயிர்விட்ட கேம் கன்சோலை ‘பிரிக்’ ஆகிவிட்டது என்கிறார்கள். இதைச் ‘செங்கல்’ என்று பெயர்த்துத் திருப்தி அடைவது பிழை. செங்கல்லால் பயன் உண்டு. மண்ணுக்கடியில் நாலு கிடைத்தால் ஒரு நகர நாகரிகமும் இரண்டு கருத்தரங்கும் எழும். செத்த கன்சோலால் கோழிக்கூண்டுகூட எழாது. சரியான சொல் விருதுநகர் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது: நமத்த வெடி. திரி எரிந்தது, சத்தம் வரவில்லை, மருந்து உள்ளே அப்படியே கிடக்கிறது. இவ்வாய்வின் கோட்பாடும் அதுவே: செத்தது கருவியல்ல, திரி மட்டுமே.

நமத்தவை மூவகை. தானே நமத்தது குப்பை. பிறர் நமக்க வைத்தது வழக்கு. உடையவனே மோட் செய்து நமக்க வைத்தது மட்டுமே ஆய்வுக்குரியது. முதல் சான்று சோனி பிஎஸ்பி. 2007-இல் வந்த ‘பண்டோரா பேட்டரி’யில் வரிசை எண் முழுக்க எஃப் என்று மாற்றப்பட்டிருக்கும். அதைச் செருகினால் கருவி தன் கெட்டுப்போன நினைவகத்தை ஒதுக்கிவிட்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து எழும். தீபாவளிக்கு மறுநாள் நமத்த வெடிகளைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தும் பிள்ளைகளின் முறையும் இதுதான்: திரியை விட்டு மருந்துக்கு நேர்வழி. கன்சோலில் விரல் போகாது என்பது ஒன்றே வேறுபாடு.

இரண்டாம் சான்று நின்டெண்டோ ஸ்விட்ச். அதன் டெக்ரா சிப்பின் முதல் நிரல் தொழிற்சாலையிலேயே பதிந்தது. தவறான ஃபிளாஷால் அதைக் கெடுக்க முடியாது. அதிலிருந்த ஓட்டையையும் விற்றுப்போன கருவிகளில் அடைக்க முடியாது. வலப்பக்கப் பள்ளத்தில் ஒரு பின்னைக் கிரவுண்டோடு சேர்த்து எழுப்பினால் மீட்பு நிலை வரும். யுஎஸ்பி வழியே நிரலை ஊட்டலாம். 2018 ஏப்ரலில் வெளியான இந்த ஓட்டைக்குப் பெயர் ‘ஃபியூசே ஜெலே’; பிரெஞ்சில் உறைந்த ராக்கெட். ஃபியூசேயின் வேர், நூற்கும் கதிரைக் குறிக்கும் லத்தீன் சொல். வெடித்திரியைச் சுட்டும் ஆங்கில ‘ஃபியூஸ்’ என்பதற்கும் அதுவே வேர். நம் திரியோ திரிப்பதால் திரி. விருதுநகர் பஞ்சு வணிகம் செய்த ஊர். பஞ்சிருந்தால் கதிர், கதிரிருந்தால் நூல், நூலிருந்தால் திரி. ஆகவே ரோமாபுரி விருதுநகரிடம் கடன்பட்டது. இதைவிட மெல்லிய நூலில் முனைவர் பட்டங்கள் தொங்குகின்றன. மேலும், அதே 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பச்சை நிறம் தரும் பேரியம் உப்புகளைப் பட்டாசிலிருந்து விலக்கி, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை.

மறுப்புகள் வரும். நமத்த வெடியின் அருகே போகாதே, தண்ணீர் ஊற்று என்பதல்லவா விதி? முற்பாதி பழகாத கைகளுக்குப் பொருந்தும். பிற்பாதி எந்தக் கன்சோலுக்கும் பொருந்தாது. பெரிய ஃபர்ம்வேர் மாற்றங்களில் ஸ்விட்ச் தன் சிப்புக்குள்ளிருக்கும் நுண்ணிய ஃபியூஸ்களை எரித்துப் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை அடைக்கிறதே? இது மறுப்பல்ல, ஆதரவு: எரிந்த திரி திரும்பாது என்பதைச் சிவகாசியில் எந்தக் குழந்தையும் சொல்லும். மின் ஃபியூஸின் வேர் ‘உருகுதல்’, அது வேறு சொல் என்பார்கள் நுணுக்கவாதிகள். அதை அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம். இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு கிடையாது.

எஞ்சுவது மருந்து. சிவகாசியில் மருந்து என்றால் வெடிப்பது. கன்சோலுக்கு மருந்து, கைவைக்குமுன் எடுத்துவைத்த நினைவக நகல். பக்கத்து வீட்டு நகல் உதவாது. ஒவ்வொரு கருவிக்கும் சாவி தனி. மழை குறைந்த வறண்ட பூமி என்பதாலேயே தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேரூன்றின. மருந்தை நனையாமல் வைப்பதே அங்கு முதல் பாடம். அந்தப் பாடம் படிக்காமல், நகலெடுக்காமல் ஃபிளாஷ் செய்தவருக்குத் திரியியல் தரும் ஆறுதல் ஒன்றுதான்: அவர் கையிலிருப்பது இனி உண்மையிலேயே செங்கல். கருத்தரங்குக்கு ஏற்பாடு செய்யலாம்.