கன்வர்ட் சித்தப்பா

கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்து, மிச்சமிருக்கும் தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, "வீடியோ எப்பப்பா கைக்கு வரும்?" என்று யாராவது கேட்பார்கள். உடனே எல்லாத் தலையும் வீடியோக்காரர் பக்கம்தானே திரும்ப வேண்டும்? திரும்பாது. மூலையில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் பக்கம் திரும்பும். அவர் கண்ணாடியைச் சற்று இறக்கி, "ஃபைல் என்ன ஃபார்மேட்ல தர்றாராம்?" என்பார். அவர்தான் கன்வர்ட் சித்தப்பா.

மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ அவருக்கு ஒரு வேலை உண்டு. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். கம்ப்யூட்டர் படித்தவரும் அல்ல. 2004, 2005 வாக்கில் ரிச்சி தெருவில் பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்த ஒரு கணினி, அதில் ஒரு டிவிடி ரைட்டர், கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே காற்று போக ஒரு டேபிள் ஃபேன். சட்டைப்பையில் பேனா இருக்காது, டிஸ்க்கில் எழுதும் மார்க்கர் இருக்கும். தகுதி இவ்வளவுதான். ஆனால் அவர் குடியிருக்கும் தெருவில் டாக்டர் வீட்டுக்கு அடுத்தபடியாக ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவு தட்டப்பட்ட வீடு அவருடையதுதான்.

வருகிறவர்களின் குறை ஒன்றேதான். கம்ப்யூட்டரில் ஜோராக ஓடுகிற படம், ஹாலில் இருக்கும் டிவிடி பிளேயரில் ஓடமாட்டேன் என்கிறது. உள்ளே தள்ளினால் 'ரீடிங்' என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, 'நோ டிஸ்க்' என்று துப்பிவிடுகிறது. இப்போதுதானே உன் வாயில் வைத்தேன், அதற்குள் டிஸ்க் இல்லையா என்று யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். வேட்டி நுனியால் துடைப்பார்கள், ஊதுவார்கள். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தவர்களும் உண்டு. இத்தனையும் பார்த்த பிறகுதான் சித்தப்பா ஞாபகம் வரும்.

"சித்தப்பா, அண்ணன் நியூஜெர்சியிலேருந்து குழந்தையோட பர்த்டே வீடியோ அனுப்பியிருக்கான். சும்மா ஒரு டிவிடில காப்பி பண்ணிக் குடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்."

மனிதர் எதற்கும் கோபப்படாதவர். இந்த 'அஞ்சு நிமிஷ வேலை' மட்டும் அவருக்குத் தாங்காது. வந்தவனை உட்காரச் சொல்வார். உள்ளேயிருந்து காபி வரும். பின்னாலேயே விளக்கமும் வரும்.

"ஏவிஐங்கிறது டிபன் கேரியர்ப்பா. வெளியில பாத்தா எல்லாம் ஒரே எவர்சில்வர். உள்ள சாம்பாரா, ரசமா, பாயசமான்னு திறந்தாத்தான் தெரியும். டிவ்எக்ஸ் இருக்கும், எக்ஸ்விட் இருக்கும், பேர் தெரியாத என்னென்னவோ இருக்கும். உங்க வீட்டு பிளேயருக்கு எம்பெக்-2 மட்டும்தான் செரிக்கும்."

அவர் சொல்வது சரிதான். கணினிக்குப் புதிதாக ஒரு ஃபார்மேட் தெரியாவிட்டால் ஒரு மென்பொருளை இறக்கிப் பழக்கிவிடலாம். பிளேயரின் சிப்புக்குப் பிறக்கும்போது தெரிந்ததுதான் கடைசிவரை. நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறைப்படி 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 சட்டகம், 48 கிலோஹெர்ட்ஸில் ஒலி என்று பிசைந்து ஊட்டினால்தான் இறங்கும். வந்தவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஃபைல் பேர்ல கடைசி மூணு எழுத்தை மட்டும் மாத்திட்டா ஓடாதா சித்தப்பா?" என்பான்.

"பேரை கெஜட்டுலயே மாத்தினாலும் ஆள் அதே ஆள்தான்டா."

கணக்கு என்று வந்துவிட்டால் சித்தப்பாவைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மினி டிவி (MiniDV) கேமரா கேசட்டிலிருந்து இறக்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. மூன்று மணி நேரக் கல்யாணம் 40 ஜிபியைத் தொடும். டிஸ்க்கில் இருப்பதோ 4.7. அதுவும் அட்டையில்தான் 4.7, கணினியில் போட்டால் 4.37 என்று காட்டும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று குதிப்பவர்களை அவர்தான் அமர்த்துவார்: அவன் ஆயிரத்தால் வகுக்கிறான், கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுக்கிறது. ஆக மொத்தம், முகூர்த்தம் முதல் மறுவீடு வரை ஒரே டிஸ்க்கில் அடங்க வேண்டுமானால் நொடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்கு மேல் செலவு செய்யக் கூடாது. இங்கேதான் சிக்கல். கெட்டிமேளம் கேட்டதும் நாலாபுறமிருந்தும் அட்சதை பறக்கும். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் பறக்க, எம்பெக் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று திணறும். தாலி ஏறும் அந்த நொடியில் மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறிப்போகும். மேடையேறி மொய்க்கவர் கொடுத்துவிட்டு கேமராவைப் பார்த்து அசையாமல் நிற்பவர்களுக்கோ பிட் அதிகம் தேவையே இல்லை. எனவே சித்தப்பா இரண்டு சுற்று ஓடும் முறையை வைப்பார். முதல் சுற்றில் மென்பொருள் படம் முழுவதையும் நோட்டம் பார்க்கும். இரண்டாம் சுற்றில் வரவேற்பு வரிசையில் மிச்சம் பிடித்து அட்சதைக்குச் செலவழிக்கும். நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டுமே என்பார்.

வேலை ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கும். மானிட்டர் மேல் ஒரு காகிதம் ஒட்டப்படும்: 'ஓடுகிறது, தொடாதே'. இன்னும் நான்கு மணி நேரம் என்று திரை சொல்லும். அவர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஐந்தரை மணி நேரம் என்று சொல்லும். விடியற்காலையில் டிஸ்க்கில் எழுதும் கட்டம் வரும்போது வீட்டில் ஊரடங்கு. எழுத ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது, வோல்டேஜ் இறங்கக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது. "சட்னி அரைக்கணுங்க" என்று சித்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். "தொண்ணூத்தஞ்சு பர்சென்ட்" என்று பதில் போகும். அந்த வீட்டில் இட்லிக்கு மிளகாய்ப் பொடி தொட்டுக்கொண்ட நாட்களை வைத்தே எத்தனை பேர் வீட்டுக் கல்யாணம் முடிந்தது என்று சொல்லிவிடலாம். 2008-லிருந்து சில வருஷம் தமிழ்நாட்டை ஆட்டிய மின்வெட்டில் அவர் பட்ட பாடு தனிக் கதை. யுபிஎஸ் என்பது கணினியை ஒழுங்காக அணைக்கப் போதுமே தவிர, கல்யாணத்தை நடத்தி முடிக்கப் போதாது. பாதியில் செத்த டிஸ்க்குகள் மொட்டைமாடியில் நூலில் தொங்கி, வடகம் கொத்த வரும் காக்காய்களை விரட்டும்.

டிஸ்க்கைக் கொடுத்து அனுப்பினாலும் நிம்மதி கிடையாது. மறுநாள் போன் வரும்.

"சித்தப்பா, உள்ள திறந்து பாத்தேன். ஆடியோ ஃபோல்டர் காலியா இருக்கு. சத்தம் வராதா?"

அந்த ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும். அது டிவிடி ஆடியோ என்ற வேறொரு வகைக்காக ஒதுக்கிய இடம். நம் படத்தின் சத்தம், படத்தோடு சேர்ந்து வீடியோ ஃபோல்டரிலேயே இருக்கிறது. இதைச் சித்தப்பா சொல்லாத ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை.

அவர் உயிரைக் கொடுத்துச் செய்வது மெனு. பின்னணியில் நாதஸ்வரம், நான்கு சின்னக் கட்டங்களில் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், நலங்கு, ரிசப்ஷன். அதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பெரியவர் ரிமோட்டை எடுத்தவுடன் பிளே பட்டனை அழுத்திவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிப் பார்க்கும்போதுதான் தீர்ப்பு வரும். "என்ன தம்பி, என்னை இவ்வளவு குண்டா காட்டுது?" என்பார் பெரிய அண்ணி. பழைய சதுரப் படத்தை அகல டிவியில் இழுத்தால் அப்படித்தான். "அது ஆஸ்பெக்ட் ரேஷியோ அண்ணி, ஒரு ராத்திரி குடுங்க" என்று சித்தப்பா வாங்கிப் போவார். இன்னொரு வீட்டில் இதற்கு நேரெதிர். அகலப் படம் பழைய டிவிக்குள் நெருக்கப்பட்டு, ஜனம் முழுக்க ஒல்லியாக, வாழைத்தண்டு போல நெடுநெடுவென்று நிற்கும். அதைத் திருத்துகிறேன் என்று இவர் கையை நீட்ட, அந்த வீட்டுப் பெண்கள் டிஸ்க்கைத் தரவே இல்லை. தொழில்நுட்பத்தில் அவர் தோற்ற இடம் இது ஒன்றுதான்.

பிளேயர்களைப் பற்றி அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. வெளிநாட்டிலிருந்து பையன் வாங்கி வந்த பெரிய கம்பெனி பிளேயர் எதைக் கொடுத்தாலும் மூக்கைச் சுளிக்கும். பர்மா பஜாரில் வாங்கிய பெயர் தெரியாத சீனப் பெட்டி கீறல் விழுந்த டிஸ்க்கையும் பாடவைக்கும். விலைக்கும் சமர்த்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி, நானும் அந்தக் கட்சிதான். இங்கே விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் அமெரிக்க முறை டிஸ்க்கையும் காட்டிவிடும். அங்கே விற்றவற்றில் பலவும் நம் பால் முறையைச் சீந்தாது. ஊறுகாய் பாட்டிலோடு பெட்டியில் போன சீமந்த டிவிடி அங்கே ஓடவில்லை என்று செய்தி வந்தால், நொடிக்கு 29.97 சட்டகம் என்று மாற்றி மறுபடி ஒரு ராத்திரி கண்விழிப்பார்.

காசு? வெற்று டிஸ்க்கின் விலை மட்டும். அதையும் கேட்க வெட்கப்படுவார். நொய்டாவில் மோசர் பேயர் கம்பெனி டிஸ்க்குகளை மலிவாகச் செய்து தள்ளிய காலம் அது. கைநஷ்டம் பெரிதாக இல்லை. 16 மடங்கு வேகம் என்று எழுதியிருந்தாலும் நாலு மடங்கில்தான் எழுதுவார். நிதானமாக எழுதினால்தான் நிலைக்கும் என்பது அவர் நம்பிக்கை. எல்லா ரைட்டருக்கும் அது பொருந்தாது. ஆனால் அவரிடம் யார் சொல்வது?

இதில் வேடிக்கை, இவர் கையால் கடந்துபோன எந்தப் படத்தையும் இவர் முழுதாகப் பார்த்ததில்லை. உதடும் ஒலியும் ஒத்துப்போகிறதா என்று தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் பார்ப்பார். அவ்வளவுதான். சொந்தத் தங்கை கல்யாணத்தில் அப்பா அழுததே அவருக்கு, அந்த இடத்தில் ஒலி அரை நொடி பிந்தியதால்தான் தெரியும். செல்போனில் 176-க்கு 144 புள்ளியில் எடுத்த குழந்தையை 29 அங்குல டிவிக்குப் பெரிதாக்கித் தரச் சொன்னால் மட்டும் முகம் வாடுவார். "இல்லாததை நான் எங்கேருந்து கொண்டாருவேன்?"

இப்போது டிவியிலேயே பென் டிரைவ் சொருகலாம். சித்தப்பா ஓய்ந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "ஆடியோ டிடிஎஸ்ஸா இருக்கும், டிவிக்குப் புரியாது" என்று செருப்பை மாட்டிவிடுவார். ஓய்ந்தவை டிஸ்க்குகள்தான். அவற்றைத் தயாரித்த மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. பெரும்பாலான புது லேப்டாப்களில் டிஸ்க் டிரைவே கிடையாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒன்று. வீட்டில் எழுதிய டிஸ்க்கில் தகவல் நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் புழுக்கமும் அதை மெல்ல வெளுக்கவைக்கும். உங்கள் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் 'அக்கா கல்யாணம் - ஃபைனல் 2' என்று மார்க்கரில் எழுதிய டிஸ்க் இருந்தால், இந்த வாரமே எடுத்துக்கொண்டு போய் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றச் சொல்லுங்கள். டிரைவ் அவரிடம் இன்னும் இருக்கிறது. 'அஞ்சு நிமிஷ வேலை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.